ஜூடோ பயிலும் முதல் ஆண்டு

காரைக்குடியில் நான் ஜூடோ பயிலும் இடத்திற்குப் பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கிறார்கள்: இங்கே சேர்ந்தால் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? சிலம்பத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. கம்பு சுற்றுவதைத் திருவிழாக்களில் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். கராத்தேயும் பள்ளிகளுக்குள் நுழைந்து வெகுநாளாயிற்று. ஜூடோவை மட்டும் பெரும்பாலோர் ஒலிம்பிக் நடக்கும் சமயத்தில் தொலைக்காட்சியில் சில நிமிடங்கள் பார்த்ததோடு சரி. மாலை வகுப்பில் புதியவர்களுக்கு அடிப்படைகளைச் சொல்லித்தருவதில் மாஸ்டருக்கு உதவியாக இருக்கும் எனக்கு, அந்தக் கேள்விக்கு நிதானமாக ஒரு பதிலை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாகவே எண்ணம் இருந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கும், பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தானும் சேரலாமா என்று தயங்கி நிற்கும் தகப்பனாருக்கும் இந்தப் பதில் பொதுவானது.

ஜூடோவில் குத்தும் உதையும் இல்லை. எதிரில் நிற்பவரின் சட்டையைப் பிடித்து, அவருடைய நிலையைக் குலைத்து, விரிப்பில் வீழ்த்துவதும், வீழ்ந்தவரை எழவிடாமல் அழுத்திப் பிடிப்பதும்தான் ஆட்டம். இவ்வளவையும் காணொளியில் பார்த்துவிட்டு வரும் ஒருவர், முதல் வாரத்திலேயே யாரையாவது தோளுக்கு மேலாகத் தூக்கி எறிந்துவிடலாம் என்று எதிர்பார்ப்பது இயல்பு. உண்மையில் முதல் ஆண்டின் பெரும்பகுதி இரண்டே இரண்டு காரியங்களில் செலவாகிறது. தான் அடிபடாமல் விழுவது ஒன்று. பிறரை அடிபடாமல் விழச் செய்வது மற்றொன்று. மற்ற எல்லாமே இந்த இரண்டின் மேல்தான் நிற்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். இவற்றை அவசரப்படுத்தும் வகுப்பில் பிள்ளையைச் சேர்ப்பதைவிட, சேர்க்காமல் இருப்பதே மேல் என்றும் சொல்வேன்.

இந்தக் கலை இப்படி அமைந்ததற்கு அதன் பிறப்பிலேயே காரணம் இருக்கிறது. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1860-இல் ஜப்பானில் பிறந்தவர். உடலால் சிறியவரான அவர், இளமையில் வலியவர்களின் தொல்லைக்கு ஆளானதால்தான் ஜூஜுத்சு என்ற பழைய போர்க்கலையைத் தேடிப் போனார். தென்ஜின் ஷின்யோ, கிதோ என்னும் இரண்டு மரபுகளைப் பயின்ற பின்னர், 1882-இல் தோக்கியோவில் எய்ஷோஜி என்ற பௌத்தக் கோயிலில் பன்னிரண்டு பாய்கள் விரித்த ஓர் அறையில் கோதோகான் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். பழைய மரபுகளில் இருந்த அடி, குத்து முதலிய ஆபத்தான பகுதிகளை, முன்கூட்டியே வரையறுத்த அசைவுகளாகச் செய்துகாட்டும் ‘கதா’ பயிற்சிக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, இருவர் முழு வேகத்தோடு மோதினாலும் மறுநாள் இருவருமே நலமாகப் பயிற்சிக்குத் திரும்பக்கூடிய நுட்பங்களைக் கொண்டு தம் கலையை அமைத்தார். அவர் அடிப்படையில் கல்வியாளர்; ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரியின் தலைவராக நீண்ட காலம் பணியாற்றியவர்; 1909-இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவில் இடம்பெற்ற முதல் ஆசியர். ஆற்றலை வீணாக்காமல் பயன்படுத்து, நீயும் உன்னோடு பயில்பவரும் சேர்ந்தே வளருங்கள் என்ற இரண்டையும் அவர் இக்கலையின் நெறிகளாக வைத்துச் சென்றார். இந்தியாவுக்கும் ஜூடோ நேற்று வந்ததன்று. தாகூரின் அழைப்பை ஏற்று, தகாகாகி ஷின்சோ என்ற ஜப்பானிய ஆசிரியர் 1929-இல் சாந்திநிகேதனுக்கு வந்து கற்பித்திருக்கிறார்.

சரி, முதல் நாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்லி நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால், காலைக் கழுவித் துடைத்துவிட்டு விரிப்பில் ஏறச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே எங்கு நடந்தாலும் காலில் செம்மண் ஒட்டும். அது வெள்ளை உடையில் ஏறிவிட்டால் எத்தனை முறை அலசினாலும் ஒரு பழுப்புக் கறை தங்கிவிடும். கறையைவிட முக்கியம், ஒருவருடைய முகமும் கன்னமும் அழுந்தும் இடத்தில்தான் மற்றவருடைய பாதங்கள் நடக்கின்றன என்பது. நகங்களை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். சங்கிலி, கம்மல், வளையல், கயிறு எல்லாவற்றையும் கழற்றிவைக்க வேண்டும். நேர்த்திக்கடனாகக் கட்டிய கயிற்றைக் கழற்றுவதற்குச் சிலர் தயங்குவார்கள். அதன் மேல் துணிப்பட்டையைச் சுற்றிக்கொள்ளச் சொல்கிறோம். பிறகு வணக்கம். விரிப்பில் ஏறும்போதும், இறங்கும்போதும், ஒருவரோடு பயிற்சியைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் குனிந்து வணங்குவது வெறும் சடங்காகப் புதியவர்களுக்குத் தோன்றலாம். இன்னொருவர் தம் உடலை நம் கையில் ஒப்படைக்கப் போகிறார் என்ற நினைவை ஒவ்வொரு முறையும் புதுப்பித்துக்கொள்வதற்காகவே அந்த வணக்கம் இருக்கிறது என்று நான் அவர்களுக்குச் சொல்வேன்.

உடையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜூடோகி எனப்படும் அந்தப் பருத்தி உடை, பிடித்து இழுத்தாலும் கிழியாதபடி தடித்து நெய்யப்பட்டது. சித்திரை வெயிலில் அதை அணிந்து அரைமணி நேரம் பயில்வது எளிதன்று. பிழிந்தால் நீர் சொட்டும் அளவுக்கு நனைந்துவிடும். தொடக்கத்தில் மெல்லிய ஒற்றை நெசவு உடையே போதும். முதல் சில சலவைகளில் அது சுருங்கும் என்பதால் ஓர் அளவு பெரிதாக வாங்கிக்கொள்ளலாம். இடப்பக்க விளிம்பு வலப்பக்கத்தின் மேல் வரும்படி அணிந்து, பெல்ட்டை இடுப்பில் இருமுறை சுற்றி முடிச்சிட வேண்டும். பிள்ளைகள் அந்த முடிச்சைச் சரியாகப் போடவே சில வகுப்புகள் ஆகும்.

விழுவதற்கு வருவோம். ‘உகெமி’ என்பது அதன் பெயர். யாரையும் முதல் நாளில் நின்ற நிலையிலிருந்து விழச் சொல்வதில்லை. விரிப்பில் மல்லாந்து படுக்கச் சொல்கிறோம். முகவாயை நெஞ்சோடு ஒட்டி, பார்வையைத் தன் பெல்ட் முடிச்சின் மேல் வைத்து, இரு கைகளையும் நெஞ்சுக்கு மேலே குறுக்காக உயர்த்தி, உள்ளங்கை முதல் முழங்கை வரை ஒரே சமயத்தில் படும்படியாக விரிப்பை அறைய வேண்டும். கைகள் உடலிலிருந்து அதிகம் விலகக் கூடாது. தோளுக்கு நேராக விரிந்துவிட்டால் அதிர்ச்சி தோள் மூட்டில் போய் இறங்கும். அறையும் கணத்தில் மூச்சை வெளியே விட வேண்டும். இது படிந்த பிறகு உட்கார்ந்த நிலையிலிருந்தும், பின் குந்திய நிலையிலிருந்தும், அதன் பின்னரே நின்ற நிலையிலிருந்தும் பின்னோக்கி விழப் பழக்குகிறோம்.

இந்த அறைதலுக்குப் பின்னால் தெளிவான காரணங்கள் உள்ளன. விழும்போது உடலின் எடை முழுவதும் ஒரு சிறு புள்ளியில், அதாவது மணிக்கட்டிலோ முழங்கையிலோ வால் எலும்பிலோ, சேர்ந்து இறங்கும்போதுதான் எலும்பு முறிகிறது. அதே எடை முதுகின் அகலத்திலும் இரு கைகளின் நீளத்திலுமாகப் பரவி இறங்கினால் எந்த ஓரிடமும் தாங்க முடியாத சுமையை ஏற்பதில்லை. அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. விழும் எவரும் தம்மை அறியாமல் கையை நீட்டி ஊன்றப் பார்ப்பார்கள். மணிக்கட்டு முறிவுக்கும், முழங்கை விலகலுக்கும், காறை எலும்பு உடைவதற்கும் அந்த ஊன்றலே பெரும்பாலும் காரணம். அறையப் பழகிய கை ஊன்றுவதை மறந்துவிடுகிறது. முகவாயை ஒட்டிவைப்பதோ தலையைக் காப்பதற்கு. தொடக்கத்தில் பத்துப் பேர் வரிசையாக விழும்போது நான் கைகளைப் பார்ப்பதில்லை, பின்தலைகளைத்தான் பார்ப்பேன். ஒருவருடைய தலை விரிப்பை மெல்லத் தொட்டால்கூட அவரை மறுபடியும் மல்லாந்து படுக்கும் பாடத்திற்கே அனுப்பிவிடுவோம். அவர் எவ்வளவு வலுவானவராக இருந்தாலும் இதில் விலக்கு இல்லை.

பக்கவாட்டில் விழுவதும் முகம் குப்புற விழுவதும் அடுத்தடுத்து வரும். எல்லாவற்றிலும் கடினமானது முன்னோக்கி உருண்டு விழுவது. வலக்கையின் சுண்டுவிரல் ஓரத்தில் தொடங்கி, முன்கை, தோள், முதுகின் குறுக்காக இடப்பக்க இடுப்பு என்று உடல் ஒரு வளைவாகத் தரையில் உருண்டு போக வேண்டும். பிள்ளைகள் இதை ஓரிரு வகுப்புகளிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். பெரியவர்களுக்கோ தலைகீழாகும் அந்த ஒரு கணத்தில் உடல் விறைத்துவிடும். விறைத்த உடல் உருளாது. தோள்பட்டை நேராகத் தரையில் மோதும். முழங்காலிட்ட நிலையிலிருந்து மெதுவாகப் பழகினால் அந்த அச்சம் தானாகவே கழன்றுவிடும். இதற்கு வாரங்கள் ஆகலாம், சிலருக்கு மாதங்களும் ஆகலாம். அந்த நாள்களில் யாரையும் விரட்டக் கூடாது.

பேரனைச் சேர்க்க வந்த ஓர் ஆச்சி, வகுப்பைச் சற்று நேரம் பார்த்துவிட்டு என்னிடம், “ஏந்தம்பி, புள்ளைகளக் கீழ போட்டுப் போட்டு எடுக்குறீகளே, எலும்பு பெசகிப் போனா என்ன பண்றது?” என்று கேட்டார். “விழத் தெரியுற வரைக்கும் யாரும் யாரையும் போட மாட்டாக ஆச்சி, அதுக்குத்தான் இவுக எல்லாம் இப்பத் தானாவே விழுந்து பழகுறாக” என்றேன். அவருடைய கவலை நியாயமானது. ஆத்தங்குடிக் கல் பதித்த வளவும் முகப்பும் பார்க்க எவ்வளவு அழகோ, மழைநாளில் ஈரக்காலோடு நடப்பவருக்கு அவ்வளவு வழுக்கும். இந்த ஊர்களில் முற்றத்தோரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட முதியவர் இல்லாத உறவு வட்டமே குறைவு. வாழ்நாளில் ஒரு முறையும் யாரோடும் மல்லுக்கு நிற்காதவர்கூடப் பலமுறை விழத்தான் போகிறார், சைக்கிளிலிருந்தோ பைக்கிலிருந்தோ படியிலிருந்தோ. சுவீடனில் ஜூடோவின் விழும் முறைகளைக் கொண்டு முதியோருக்கென்றே பயிற்சித் திட்டம் நடத்துகிறார்கள். ஜூடோவில் கற்பவற்றில் எது கடைசி வரை உடன் வரும் என்று என்னைக் கேட்டால், உகெமி என்றுதான் தயங்காமல் சொல்வேன். ஆனால் ஓர் எச்சரிக்கை: வகுப்பில் கற்றதை வீட்டுத் தளத்திலோ திண்ணையிலோ செய்துகாட்டப் பிள்ளைகள் துடிப்பார்கள், அதற்கு எந்தக் காரணத்தாலும் இடங்கொடுக்கக் கூடாது. உகெமி விரிப்பின் மேல் பழக வேண்டிய வித்தை. கல் தளத்தில் அறைந்தால் முன்கை எலும்பே விரிசல் காணும்.

அடுத்துப் பிடி. வலக்கைப் பழக்கமுள்ளவர் எதிரில் நிற்பவரின் சட்டை விளிம்பைக் காறை எலும்பின் உயரத்தில் வலக்கையாலும், அவருடைய வலக்கைச் சட்டையை முழங்கைக்கு அருகில் இடக்கையாலும் பிடிக்கிறார். புதியவர்கள் ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடித்து, முழங்கைகளை விறைப்பாக நீட்டி, எதிராளியைத் தள்ளிவைத்துக்கொண்டு நிற்பார்கள். இரண்டே நிமிடத்தில் முன்கை கடுத்துப்போகும். சுண்டுவிரலும் மோதிரவிரலும்தான் இறுக வேண்டும். மற்ற விரல்கள் தளர்ந்திருந்தால் மணிக்கட்டு உயிரோடு இருக்கும், எதிராளி எந்தப் பக்கம் சாயப் போகிறார் என்பது துணியின் வழியாகக் கைக்கு வந்து சேரும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான ஜூடோவில் இருவரும் பிடியைப் பிடித்த பிறகே ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள். அதன் பின்னர் கண் செய்ய வேண்டிய வேலை முழுவதையும் அந்தப் பிடியே செய்துவிடுகிறது. 2024-இல் பாரிஸ் பாராலிம்பிக்கில் கபில் பர்மார் அப்படி ஆடித்தான் வெண்கலம் வென்றார். பாராலிம்பிக் ஜூடோவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. பிடியைப் பொறுமையாகக் கற்க மறுக்கும் இளைஞர்களுக்கு நான் அந்த ஆட்டத்தின் காணொளியைத்தான் காட்டுவேன்.

பிடியோடு சேர்ந்தே நடையும் கற்பிக்கப்படுகிறது. பாதங்களை உயரத் தூக்காமல் விரிப்பை உரசியபடி நகர வேண்டும். கால்கள் ஒன்றையொன்று குறுக்கிடக் கூடாது. முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். இதில் பெரிதாக விளக்க ஒன்றுமில்லை, பழகப் பழகத்தான் வரும்.

நிலைகுலைத்தல்தான் ஜூடோவின் உள்ளம். ‘குசுஷி’ என்பார்கள். நேராக நிற்கும் மனிதரை, அவர் எவ்வளவு மெலிந்தவராக இருந்தாலும், வீழ்த்துவது கடினம். குதிகாலிலோ விரல் நுனியிலோ எடை ஏறி நிற்பவரை, அவர் எவ்வளவு பருத்தவராக இருந்தாலும், வீழ்த்துவது எளிது. முன், பின், வலம், இடம், இவற்றுக்கு இடைப்பட்ட நான்கு மூலைகள் என எட்டுத் திசைகளில் ஒருவரைச் சாய்க்கலாம் என்று தொடக்கத்திலேயே காட்டிவிடுவார்கள். ஆனால் உடலுக்கு அது புரிய வெகுநாளாகும். தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டைப் பார்த்தவர்களுக்கு நான் இதை எளிதாக விளக்கிவிடுவேன்: பாய்ந்து வரும் மாட்டை எதிரே நின்று தடுக்க முயல்பவர் தூக்கி எறியப்படுகிறார், மாடு போகும் போக்கிலேயே சேர்ந்து ஓடித் திமிலைப் பற்றுபவர் நிலைக்கிறார். எதிராளி தள்ளினால் எதிர்த்துத் தள்ளாமல் அந்தத் தள்ளலை வாங்கி இழுப்பதும், அவர் இழுத்தால் அந்த இழுப்போடு உள்ளே நுழைவதும் அதே கணக்குதான். சாய்ப்பது, சாய்ந்தவருக்கு ஏற்றபடி தன் உடலைப் பொருத்துவது, வீழ்த்துவது என்று ஓர் எறிதலை மூன்றாகப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். புதியவர்கள் முதல் இரண்டையும் தாண்டிக் குதித்து மூன்றாவதற்குப் போய்விடுகிறார்கள். அப்போதுதான் வெறும் வலுவை நம்ப வேண்டியிருக்கிறது. அப்போதுதான் முதுகு பிடித்துக்கொள்கிறது.

கோதோகான் 1895-இல் எறிதல் நுட்பங்களை ஐந்து தொகுதிகளாக வகுத்து, 1920-இல் திருத்தி, நாற்பது நுட்பங்களாக அமைத்தது. முதல் ஆண்டில் அவற்றில் ஐந்தாறு பழகினாலே போதும். எதிராளியை இடுப்பின் மேல் ஏற்றிச் சுழற்றும் ஓ-கோஷி, முன்னேறும் பாதத்தைத் துடைத்தெடுக்கும் தே-ஆஷி-பராய், எதிராளியின் காலைப் பின்புறமாக வாரிவிடும் ஓ-சோதோ-காரி ஆகியவை பெரும்பாலான இடங்களில் தொடக்கத்திலேயே வரும். தோளுக்கு மேலாக எறியும் செயோய்-நாகே பார்க்கக் கவர்ச்சியானது. முழங்காலுக்கும் முதுகுக்கும் அது கேட்கும் ஒழுங்கு அதிகம் என்பதால் எங்கள் மாஸ்டர் அதைச் சற்றுத் தள்ளியே வைப்பார்.

இவற்றைக் கற்கும் முறை புதியவர்களைச் சலிக்கவைக்கக் கூடியது. ‘உச்சிகோமி’ என்ற பயிற்சியில், எதிராளியைச் சாய்த்து, உள்ளே நுழைந்து, எறியும் கணம் வரை சென்று, எறியாமல் திரும்பிவிட வேண்டும். இதையே வகுப்பு வகுப்பாகச் செய்ய வேண்டும். பாதம் எங்கே வைக்கப்படுகிறது, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, முழங்கை எங்கே உயர்கிறது என்று ஒவ்வொன்றும் இந்தத் திரும்பத் திரும்பச் செய்வதில்தான் படிகிறது. எறிவது அதற்குப் பிறகுதான். எறியும்போது ஒரு கடமை உண்டு. அதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். எதிராளியின் கைச்சட்டையைப் பிடித்திருக்கும் இடக்கையைக் கடைசி வரை விடவே கூடாது. அவர் தரையைத் தொடும் கணத்தில் அந்தக் கையைச் சற்றே மேல்நோக்கி இழுக்க வேண்டும். அந்த ஓர் இழுப்பு அவருடைய மேலுடலைத் தாங்கி, தலை தரையில் படாமல் காக்கிறது. ஜப்பானில் பள்ளி ஜூடோவில் நேர்ந்த தலைக்காயங்களை ஆராய்ந்த மருத்துவர்கள், காயமுற்றவர்களில் பெரும்பாலோர் புதியவர்கள் என்பதையும், அவர்களை வீழ்த்திய நுட்பங்களில் ஓ-சோதோ-காரி முன்னணியில் இருந்ததையும் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். பின்னோக்கி வேகமாக விழும் ஒருவர் முகவாயை ஒட்டவைக்க மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. எனவே பின்னோக்கி விழுவதில் தேர்ந்தவர் மேல் மட்டுமே அந்த நுட்பத்தைப் பழகவிடுவது என்ற முறையை நாங்கள் தளர்த்துவதே இல்லை. தலையில் அடிபட்டு ஒருவருக்குத் தலைவலியோ வாந்தியோ மயக்கமோ இருந்தால் அன்றைய பயிற்சி அத்தோடு நிற்க வேண்டும்; அவர் மருத்துவரிடம் போக வேண்டும்.

தரையில் ஆடும் பகுதி புதியவர்களுக்கு எதிர்பாராத மகிழ்ச்சியைத் தருகிறது. அங்கே விழும் அச்சம் இல்லை. முதலில் கற்பது கேசா-கத்தாமே: வீழ்ந்தவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, ஒரு கையால் அவருடைய கழுத்தைச் சுற்றி, மற்றொரு கையால் அவருடைய கையைத் தன் அக்குளில் இறுக்கி, தன் விலாவின் எடையை அவருடைய நெஞ்சின் மேல் வைத்துப் பிடிப்பது. போட்டியில் ஒருவரை மல்லாந்த நிலையில் 20 விநாடிகள் இப்படி அடக்கிப் பிடித்தால் முழு வெற்றி. கீழே இருப்பவருக்கு அந்த 20 விநாடிகள் வெகு நீளமானவை. மூச்சு முட்டுவது போலத் தோன்றும்போது பதறாமல், சிறு சிறு மூச்சாக எடுத்து, இடுப்பைத் திருப்பி வழி தேடுவதுதான் அங்கே பாடம். பொறுக்க முடியாவிட்டால் எதிராளியின் உடலிலோ விரிப்பிலோ இருமுறை தட்டினால் போதும். தட்டிய கணமே பிடி விலக வேண்டும். தட்டுவதில் மானக்கேடு ஒன்றுமில்லை என்பதைப் பிள்ளைகளைவிட இளைஞர்களுக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. கழுத்தை நெரிக்கும் பிடிகளும் முழங்கையை மடக்கும் பிடிகளும் ஜூடோவில் உண்டு. அவை சிறுவர்களுக்குரியவை அல்ல, பெரியவர்களுக்கும் முதல் மாதங்களில் கற்பிப்பதில்லை.

சில மாதங்கள் கழித்து ‘ரந்தோரி’ தொடங்கும். எவரும் சொல்லித்தராமல் இருவரும் தம் விருப்பப்படி முயன்று பார்க்கும் ஆட்டம் அது. அதுவரை அழகாக வந்துகொண்டிருந்த ஓ-கோஷி, எதிரில் நிற்பவர் ஒத்துழைக்காத முதல் நாளில் காணாமல் போய்விடும், எல்லோருக்கும் அப்படித்தான். மூத்த மாணவர் ஒருவரோடு ஆடும்போது தான் எப்போது விழுந்தோம் என்பதே தெரியாது. அதைத் தோல்வியாக எண்ணாமல், எந்தத் திசையில் தன் எடை போயிருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்பவர்கள் விரைவில் முன்னேறுகிறார்கள். பருத்த மாணவரும் மெலிந்த மாணவரும் சேர்ந்து ஆடும்போது பருத்தவர் தம் எடையை நம்பாமல் நுட்பத்தை நம்பியே ஆட வேண்டும் என்பது வகுப்பின் ஒழுங்கு. கானோ சொன்ன ‘சேர்ந்தே வளர்தல்’ எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், இந்த ஓர் இடத்தைக் காட்டலாம்.

பெண்பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்ற கேள்வி இன்னும் வருகிறது. தாராளமாகச் சேர்க்கலாம்; சேர்க்க வேண்டும். பெண்கள் ஜூடோ 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கிலிருந்து பதக்கப் போட்டியாக இருக்கிறது. மணிப்பூரின் சுசீலா தேவி 2014-இலும் 2022-இலும் காமன்வெல்த் விளையாட்டுகளில் வெள்ளி வென்றார்; துலிகா மான் 2022-இல் வெள்ளி வென்றார். வயது கடந்துவிட்டதே என்று தயங்கும் பெரியவர்களுக்கு நான் சொல்லும் பெயர் ஃபுகுடா கெய்கோ. கானோவின் முதல் ஜூஜுத்சு ஆசிரியருடைய பேத்தியான அவர், ஐந்தடிக்கும் குறைவான உயரமுடையவர். 1935-இல், இருபது வயதைக் கடந்த பிறகே ஜூடோவைத் தொடங்கினார். 2013-இல் தம் 99-ஆம் வயதில் மறையும் வரை அவருடைய வாழ்க்கை ஜூடோவோடுதான் கழிந்தது. 2011-இல் அமெரிக்க ஜூடோ அமைப்பு அவருக்குப் பத்தாம் ‘டான்’ (கறுப்புப் பெல்ட்டின் பத்தாம் படி) என்ற உச்ச நிலையை வழங்கியது. முழங்காலிலோ முதுகுத்தண்டிலோ ஏற்கெனவே நோவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வர வேண்டும் என்பதைத் தவிர, வேறு தடை எதையும் நான் காணவில்லை.

பெல்ட் நிறங்களைப் பற்றிப் பெற்றோர் மிகுந்த ஆவல் காட்டுகிறார்கள். வெள்ளையில் தொடங்கி மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு, கறுப்பு என்று வரிசை போகிறது. ஒழுங்காக வரும் பிள்ளை முதல் ஆண்டில் மஞ்சளை எட்டலாம். அதற்கான தேர்வில் உகெமியின் எல்லா வகைகளையும், சில எறிதல்களையும், இரண்டு மூன்று தரைப்பிடிகளையும் செய்துகாட்ட வேண்டும். பள்ளிக் கல்வித்துறை நடத்தும் விளையாட்டுப் போட்டிகளில் ஜூடோவும் இருப்பதால், சான்றிதழையும் இடஒதுக்கீட்டையும் நினைத்துப் பிள்ளையை உடனே போட்டிக்கு அனுப்பக் கேட்பவர்களும் உண்டு. அந்த எண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. இந்த ஊர்களில் படிப்புக்கும் வேலைக்கும் உதவக்கூடிய எதையும் பெற்றோர் தேடத்தான் செய்வார்கள். ஆனாலும் விழுவதில் முதிராத பிள்ளை, வெல்லவே வந்திருக்கும் வேறொரு பிள்ளையின் கையில் சிக்குவது நல்லதன்று. தற்காப்பைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: ஓராண்டுப் பயிற்சி ஒருவரைத் தெருச்சண்டைக்குத் தகுதியாக்கிவிடாது. யாரேனும் பிடித்துத் தள்ளினால் தலையைக் காத்து விழவும், பிடியைக் கழற்றவும், பதறாமல் எழுந்து விலகவும் அது உதவும். ஒரு பள்ளிப் பிள்ளைக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

சேரும் முன் எந்த வகுப்பாக இருந்தாலும் ஒரு நாள் முழுமையாக உட்கார்ந்து பாருங்கள். விரிப்புகள் இடைவெளி இல்லாமல் நெருக்கமாகப் பொருந்தியிருக்கின்றனவா, சுவருக்கும் தூணுக்கும் விரிப்பின் ஓரத்துக்கும் நடுவே போதிய இடம் இருக்கிறதா, இரண்டு இணைகள் எறியும்போது ஒருவர் மேல் ஒருவர் விழாதபடி யாராவது கவனிக்கிறார்களா என்று பாருங்கள். புதிய பிள்ளைகள் தனியே விழப் பழகுகிறார்களா, அல்லது முதல் வாரத்திலேயே மூத்தவர்கள் அவர்களைத் தூக்கிப் போடுகிறார்களா என்பதையும், தட்டியவுடன் பிடி விலகுகிறதா என்பதையும் கவனியுங்கள். பிறகு மாஸ்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: என் பிள்ளையை முதன்முதலாக இன்னொரு பிள்ளை எறிவதற்கு எவ்வளவு நாளாகும்? “அவன் நன்றாக விழக் கற்ற பிறகு” என்று நாள் கணக்குச் சொல்லாமல் பதில் வந்தால், அங்கேயே சேர்த்துவிடலாம்.